கேரவன் இழுக்கப் போகிறீர்களா? ஹிட்ச் எடையைச் சரியாக வைப்பது இப்படித்தான்

பெங்களூருவில் கேரவன் வாங்க நினைப்பவர்கள் ஏசி இருக்கிறதா, கட்டில் எத்தனை அடி, சோலார் எத்தனை வாட் என்று எல்லாம் விசாரிப்பார்கள். ஹிட்ச் எடை எவ்வளவு என்று கேட்பவர் அபூர்வம். நான் கேட்டபோது கேரவன் கட்டிக் கொடுத்தவர் ஒரு எண் சொன்னார், ஹிட்ச் பொருத்திய பட்டறைக்காரர் இன்னொன்று சொன்னார், யூடியூபில் பார்த்தது மூன்றாவதாக வேறொன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று பாதிக்குப் பாதி வித்தியாசம். எது சரி என்று பிடிபட நிறைய அலைய வேண்டியிருந்தது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

கேரவனின் முன்முனை, அதை மாட்டுவதற்காகக் காரின் பின்னால் இருக்கும் ஹிட்ச் பந்தின் மேல் எத்தனை கிலோவுக்கு அழுத்துகிறதோ, அதுதான் ஹிட்ச் எடை. ஊரில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து அமுங்கும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். கேரவனில் பின்பாரம் கூடினால் ஆபத்து அதிகம். வேகம் ஏற ஏற வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாக அடங்காது. முன்பாரம் கூடினாலோ காரின் பின்பக்கம் தொங்கும், முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும், ஸ்டீயரிங் லேசாகிப் போகும்.

1. முன்பணம் கொடுப்பதற்கு முன் காகிதங்களைக் கேளுங்கள்

கேரவன் டிரெய்லர் ஒரு தனி வாகனம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 61-ஆம் பிரிவுப்படி அதற்கும் காரைப் போலவே பதிவு வேண்டும். தனி ஆர்.சி., தனி இன்ஷூரன்ஸ். இழுக்கும் காரின் எண் கேரவனின் பின்புறத்திலும் தெரிய வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

பதிவுக்குப் படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22, இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவை தேவை. இவற்றில் மிக முக்கியமானது படிவம் 22தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதிப்படி புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்களில் ஒப்புதல் வாங்கிய மாடலா என்று கேட்டு, அந்தச் சான்றின் நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் சார்" என்ற பதில் வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

அந்த நகலில் நமக்கு வேண்டியவை இரண்டு எண்கள்தான்: வெற்று எடை, அதிகபட்ச மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சாமானின் எடை.

ஹிட்ச் பந்தைத் தாங்கக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டமான டோ பார் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாகக் காரை மாற்றி அமைப்பதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே டோ பார் பொருத்துவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்த பிறகு "எங்களிடம் சொல்லவில்லையே" என்று அவர்கள் கேட்பதற்கு இடம் வைக்கக் கூடாது. காரின் வாரண்டிக்கு என்ன ஆகும் என்பதையும் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2. மூன்று உச்சவரம்புகளில் சிறியது எது?

ஹிட்ச் எடைக்கு மூன்று இடங்களில் வரம்பு உண்டு.

கார்: கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தைப் பாருங்கள். இங்கே விற்கும் பல கார்களின் கையேட்டில் எண்ணே இருக்காது. சிலவற்றில் "டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை" என்று போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அதே கார் வெளிநாட்டில் 2000 கிலோ இழுக்கிறதே என்ற வாதம் இங்கே செல்லாது. பெயர் ஒன்றாக இருக்கலாம். கூலிங், பிரேக், பின் சஸ்பென்ஷன் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

டோ பார்: முறையாகத் தயாரித்த டோ பாரில் ஒரு தகடு இருக்கும். ஐரோப்பிய முறைத் தகடு என்றால் அதில் 'எஸ்' என்ற எழுத்துக்கு எதிரே இருப்பதுதான் பந்து தாங்கக்கூடிய கிலோ. தகடே இல்லாமல் வெல்டிங் பட்டறையில் செய்த டோ பார்கள் நம் ஊரில் நிறையப் புழங்குகின்றன. பார்க்கக் கனமாக, பெயின்ட் அடித்துப் பளபளப்பாக இருக்கும். அது எத்தனை கிலோ தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. பம்பருக்குள் இருக்கும் தகட்டில் மட்டும் போல்ட் போட்டிருந்தால் கட்டாயம் வேண்டாம். சேஸிஸில் பிடித்திருக்க வேண்டும்.

கப்ளர்: கேரவனின் முன்முனையில் பந்தைக் கவ்வும் பாகம். இதன் மேலேயும் எண் பொறித்திருக்கும். கூடவே பந்தின் அளவையும் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 50 மில்லிமீட்டர். அமெரிக்கப் பந்துகளில் இரண்டு இஞ்ச் அளவும் உண்டு, அது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டையும் கலந்து போடக் கூடாது.

இந்த மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் உச்சவரம்பு.

3. உங்கள் இலக்கு எண்

யூடியூபில் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகள். அவர்கள் கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். பிரிட்டன், ஐரோப்பிய வழக்கம் 5 முதல் 7 சதவீதம். வண்டி கட்டும் முறை, கார், வேகம் எல்லாமே வேறு என்பதால் இரண்டும் அந்தந்த இடத்தில் சரிதான். நம் ஊரில் 50 மில்லிமீட்டர் பந்தும் சின்ன கேரவனும்தான் என்றால் ஐரோப்பியக் கணக்கே பொருந்தும். ஆனால் அதன் மேல்முனையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாமான் ஏற்றிய கேரவன் 960 கிலோ, டோ பார் தகட்டில் 80, கப்ளரில் 100 என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீதம் என்றால் 67 கிலோ. ஆக இலக்கு 60 முதல் 70 வரை, உச்சம் 80. இதே கேரவனுக்கு அமெரிக்கக் கணக்கில் 12 சதவீதம் போட்டால் 115 கிலோ வரும். டோ பார் தாங்காது.

4. முழு எடையை எடை மேடையில் பாருங்கள்

ஆர்.சி.யில் இருக்கும் வெற்று எடையை நம்பி இறங்காதீர்கள். ஏசி, இரண்டாவது பேட்டரி, பக்கவாட்டுப் பந்தல், சோலார் தகடு என்று பின்னால் சேர்த்தது எதுவும் அந்த எண்ணில் இருக்காது. ஆர்.சி.யில் வெற்று எடை 720, மொத்த எடை 1000 என்றிருக்கும். 280 கிலோ ஏற்றலாம் என்று நினைப்பீர்கள். மேடையில் ஏற்றிப் பார்த்தால் காலி வண்டியே 810 காட்டும். மிச்சம் 190. 60 லிட்டர் தண்ணீரும் ஒரு வீட்டு சிலிண்டரும் வைத்தால் 100 கிலோதான் பாக்கி.

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி போன்ற தொழிற்பேட்டைப் பக்கம் எடை மேடைகள் இருக்கின்றன. "வே பிரிட்ஜ்" என்று கேட்டால் எந்த லாரி டிரைவரும் வழி காட்டுவார். சின்ன வண்டிக்குக் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை. லாரிக்கூட்டம் இல்லாத ஞாயிறு காலை போங்கள். நடுப்பகலில் போனால் வரிசையில் நிற்கும் லாரிகளுக்கு இடையில் கேரவனைக் கழற்றி மாட்ட விடமாட்டார்கள்.

மூன்று தடவை எடை போடச் சொல்லி மூன்று சீட்டு வாங்குங்கள். முதலில் காரும் கேரவனும் சேர்த்து. அடுத்து கேரவனைக் கழற்றி, அதன் முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலும் மேடைக்குள் இருக்கும்படி கேரவனை மட்டும். மூன்றாவது, திரும்ப மாட்டி, கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடையில், கார் வெளியே. இரண்டாவது எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஹிட்ச் எடை வரும்.

வரும், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லாரிக்கான மேடை 10 கிலோ, சில இடங்களில் 20 கிலோ படிகளாகத்தான் காட்டும். 60-க்கும் 80-க்கும் வித்தியாசம் பார்க்கும் வேலைக்கு அது போதாது. மொத்த எடைக்கு மேடை, ஹிட்ச் எடைக்கு வீட்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஹிட்ச் எடையை வீட்டில் அளப்பது

தேவையானவை: ஆள் எடை பார்க்கும் மெஷின், ஒரு கனமான மரக்கட்டை, இஞ்ச் டேப், ரசமட்டம், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகள். மெஷின் 150 கிலோ வரை காட்டுவதாக வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும். மரக்கட்டைக்கு, சாரம் கட்டும் யூகலிப்டஸ் கழியில் ஒரு துண்டு போதும்.

கேரவனில் பயணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். காலி வண்டியில் அளந்து ஒரு பயனும் இல்லை. தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், படுக்கை, அம்மா கட்டாயம் எடுத்து வைக்கச் சொல்லும் டேபிள் டாப் கிரைண்டர் வரை எல்லாம் உள்ளே இருக்கட்டும். காரிலும் ஆட்களை ஏற்றி, சாமானும் வைத்து, சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து பந்தின் உச்சி வரை எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கேரவன். சமதரையில் நிறுத்துங்கள். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சாய்தளம் ஆகாது. சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுங்கள். நான்கு மூலைகளிலும் உள்ள கால் ஜாக்குகள் முழுக்க மேலே ஏறியிருக்க வேண்டும். ஒன்று தரையைத் தொட்டாலும் எண் பொய்யாகும். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கப்ளருக்கு நேர் கீழே மெஷினை வைத்து, அதன் மேல் ஒரு பலகைத் துண்டு, அதன் மேல் கட்டை. மெஷினும் பலகையும் கட்டையும் சேர்ந்து, நீங்கள் குறித்த பந்தின் உயரத்துக்கே கப்ளரைத் தாங்கும்படி கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வீலைச் சுற்றிச் சுற்றி மெதுவாக மேலேற்றுங்கள். அது தரையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பியதும் நிறுத்துங்கள், முழுக்கத் தூக்க வேண்டாம். கட்டை நழுவினால் தாங்க அது வேண்டும். கால் விரல்களைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கேரவனின் கைப்பிரேக்கை விடுவித்துவிட்டு எண்ணைப் படியுங்கள், பலகை, கட்டை எடையைக் கழியுங்கள். ஏற்றி இறக்கி மூன்று தடவை பாருங்கள்.

இதில் பலரும் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, ஜாக்கி வீலுக்குக் கீழேயே மெஷினை வைத்துவிடுவது. சுலபம்தான், ஆனால் ஜாக்கி வீல் கப்ளரைவிட ஆக்ஸிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, பக்கத்தில் இருக்கிறது. ஆக்ஸிலிலிருந்து கப்ளர் 3.5 மீட்டர், ஜாக்கி வீல் 3 மீட்டர் என்றால், உண்மையில் 64 கிலோ இருப்பது 75 என்று காட்டும். போதுமான முன்பாரம் இருப்பதாக நம்பிக் கிளம்பிவிடுவீர்கள். இரண்டு, உயரத்தைக் கவனிக்காமல் அளப்பது. மூக்கு மேலே தூக்கியிருந்தால் உள்ளிருக்கும் பாரமும் பின்னால் சாய்ந்து எண் குறையும்.

உங்கள் கேரவன் பெரியது, மெஷின் தாங்காது என்றால் நீளமான உறுதியான சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையை செங்கல் மேலும் மறுமுனையை மெஷின் மேலும் வையுங்கள். கப்ளர் அழுத்தும் இடம் செங்கல் பக்கத்திலிருந்து 30 சென்டிமீட்டர், மெஷின் பக்கத்திலிருந்து 60 சென்டிமீட்டர் இருக்கட்டும். பாரம் ஏறுவதற்கு முன் மெஷின் காட்டும் எண்ணைக் கழித்துவிட்டு, மீதியை மூன்றால் பெருக்கினால் ஹிட்ச் எடை.

6. சாமானை இடம் மாற்றுங்கள்

எண் இலக்குக்குள் வராவிட்டால் கிலோ கணக்கில் எதையும் வாங்கிச் சேர்க்க வேண்டாம், இருப்பதை நகர்த்தினாலே போதும். சூத்திரம் ஒன்றுதான்: பொருளின் எடையை, ஆக்ஸிலிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, ஆக்ஸிலுக்கும் கப்ளருக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். ஆக்ஸிலுக்கு முன்னால் இருந்தால் கூட்டல், பின்னால் இருந்தால் கழித்தல்.

கப்ளர் தூரம் 3.5 மீட்டர் என்று வைத்து: எரிவாயு நிரம்பிய வீட்டு சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை முன்சட்டத்தில், ஆக்ஸிலிலிருந்து 2.8 மீட்டரில் கட்டினால் ஹிட்ச் எடை 24 கிலோ கூடும். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் என்றால் 12 கிலோதான் கூடும். பின்சுவரில் ஸ்டாண்டு மாட்டி இரண்டு சைக்கிள், 30 கிலோ, 2.1 மீட்டர் பின்னால் என்றால் 18 கிலோ குறையும். சைக்கிள் ஸ்டாண்டு மாட்டிய பிறகு கேரவன் ஆடத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி. பெங்களூருவில் எல்லார் வீட்டிலும் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனே படிக்கல். நிரம்பிய கேனைக் கேரவனுக்குள் 1.75 மீட்டர் முன்னே நகர்த்தினால் ஹிட்ச் எடை 10 கிலோ கூடும். மெஷினைக் கப்ளருக்குக் கீழே வைத்துக்கொண்டே ஒருவர் கேனை நகர்த்திவிட்டு வெளியே வந்ததும் எண்ணைப் பாருங்கள். அரை மணியில் எங்கே எதை வைப்பது என்று பிடிபட்டுவிடும். கேன் நின்ற இடத்தில் பிறகு அரிசி, கிரைண்டர், கருவிப்பெட்டி என்று நிஜச் சாமானை வைத்துக் கட்டிவிடுங்கள்.

கனமானவை ஆக்ஸிலுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலோ, தரையை ஒட்டி. லேசானவை மட்டும் மேல் அலமாரிகளிலும் இரண்டு முனைகளிலும். பின்னால் சைக்கிள் 30 கிலோ இருக்கிறதே என்று முன்முனையில் 30 கிலோ வைத்துச் சமன் செய்வது தவறான வைத்தியம். மெஷினில் எண் அழகாக வரும். ஆனால் இரண்டு முனையிலும் பாரம் இருக்கும் வண்டி ஒருமுறை ஆடத் தொடங்கினால் அடங்க வெகுநேரம் பிடிக்கும்.

போகும்போது சரியாக இருந்த எண் திரும்பும்போதும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். முன்னாலிருந்த நல்ல தண்ணீர் 40 லிட்டர், பாத்திரம் கழுவிக் குளித்து, ஆக்ஸிலுக்கு 90 சென்டிமீட்டர் பின்னாலுள்ள கழிவுநீர்த் தொட்டிக்குப் போயிருக்கும். நம் கணக்கில் அதனால் 18 கிலோ குறையும். 64-இல் கிளம்பிய வண்டி 46-இல் திரும்பும், அதுவும் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது. கழிவுநீரை அதற்கான இடத்தில் கொட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

7. காருக்கு எவ்வளவு ஏறுகிறது

ஹிட்ச் எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும். பந்து பின் ஆக்ஸிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், பின்சக்கரங்களில் ஏறுவது ஹிட்ச் எடையைவிட அதிகம். இன்னோவா கிரிஸ்டா போல 2750 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள காரில், பந்து பின் ஆக்ஸிலிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், 70 கிலோ ஹிட்ச் எடை பின் ஆக்ஸிலில் 100 கிலோவாக ஏறும், முன்னால் 30 கிலோ குறையும். டிக்கியை நிரப்பி, பின்சீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்தால் வரம்பு தாண்டிவிடும். பின் டயர் காற்றை முழுச் சுமைக்கான அளவுக்கு ஏற்றுங்கள். அது டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும்.

மாட்டிய பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். கேரவன் மட்டமாகவோ மூக்கு ஒரு துளி கீழாகவோ இருக்க வேண்டும். நம் ஊர் எஸ்யூவிகள் உயரம் என்பதால் மூக்கு மேலே தூக்கி நிற்பதுதான் வழக்கம். அதற்குப் பந்தைத் தாழ்த்தும் தொங்கல் மவுண்ட் போட வேண்டும். கேரவனின் முன்பக்கம் சாமானைக் குவித்து அமுக்கக் கூடாது.

8. முதல் ஓட்டம்

முதல் தடவை நேராக ஊருக்குக் கிளம்பாதீர்கள். அதிகாலையில் பெங்களூருவின் புறவழியான நைஸ் ரோட்டில் ஒரு சுற்று போதும். 40, 50, 60 என்று படிப்படியாக ஏற்றி ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பெரிய பஸ் முந்திப் போகும்போது கேரவன் ஒருமுறை அசைந்து உடனே நின்றால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டு நின்றால் அந்த வேகம் உங்களுக்கு வேண்டாம், சாமானை மறுபடி பாருங்கள்.

ஆடத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். எதிர்ப்பக்கம் திருப்பவோ பிரேக்கை அழுத்தவோ வேண்டாம். வேகம் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். அங்கே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இறங்கும்போது கேரவன் காரைத் தள்ளும், மேட்டில் அடங்கியிருந்த ஆட்டம் அங்கேதான் தலைகாட்டும்.

பெங்களூரு ஹம்ப்களும் ஒரு சோதனைதான். வேகமாக ஏறி இறங்கினால் 70 கிலோ பல மடங்காகப் பந்தின் மேல் இடிக்கும். நடைவேகத்தில் தாண்டுங்கள்.

அத்திப்பள்ளி டோல் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, டோ பார் போல்ட்கள், கப்ளர் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி மூன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். புதிதாகப் பொருத்திய போல்ட்கள் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும். டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒருமுறை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். எடை மேடைச் சீட்டுகளையும், வீட்டில் அளந்த எண்ணை எழுதிய தாளையும் கேரவனின் ஆர்.சி. உறையிலேயே வையுங்கள். புதிதாக பேட்டரியோ பந்தலோ சேர்த்தால் ஐந்தாவது படியிலிருந்து மறுபடி அளக்க வேண்டும்.